பெட்டி மேல 1000 வாட்ஸ்... காதுக்கு வர்றது எவ்வளவு பாஸ்?



அண்ணன் புது கார் எடுத்ததும் பழைய ஆல்ட்டோ உங்க கைக்கு வந்துடுச்சு. இல்லைன்னா, அப்பாவோட ஸ்விஃப்ட்ல ஞாயித்துக்கிழமை மட்டும் உங்களுக்கு பர்மிஷன். எதுவா இருந்தாலும் சரி, ஓட்ட ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே ஒரு குறை தெரியும். இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டார் எங்கே போச்சுன்னு தேடணும். ரஹ்மான் பாட்டுக்கு வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினா கதவு 'கடகட'ன்னு ஆடும், ஸ்பீக்கர் 'கர்ர்ர்'ருன்னு அழும்.

உடனே பின் சீட்ல இருந்து ஒரு குரல் வரும்: "மச்சான், ஒரு ஆம்ப் போட்டு சப் வூஃபர் வைடா. செமையா இருக்கும்!"

ஐடியா தப்பில்லை. ஆனா, அடுத்து என்ன நடக்கும்? சென்னைன்னா ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. மத்த ஊர்கள்ல அங்கங்கே இருக்கிற கார் அக்சஸரீஸ் கடை. ஷெல்ஃப்ல பளபளன்னு பெட்டிகள். ஒண்ணுல 800 வாட்ஸ், இன்னொண்ணுல 1000 வாட்ஸ், ஓரமா ஒண்ணுல 3000 வாட்ஸ்! "தம்பி, இதை எடுங்க. கார் குலுங்கும்!" நாமளும் பெரிய நம்பரைப் பார்த்து மயங்கி, ஒரு செமஸ்டர் முழுக்கச் சேர்த்த காசை எடுத்து நீட்டிடுவோம்.

இந்த வாரம் அந்த நம்பரைத்தான் பிரிச்சு மேயப்போறோம். ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும். பெட்டி மேல பெருசா இருக்கிற எண் விற்பனைக்கு. உள்ளே பொடி எழுத்துல இருக்கிற மூணு எண்கள்தான் உங்க காதுக்கு. ஆர்.எம்.எஸ்., ஓம், டெசிபல் - இதுதான் அந்த மூணு. கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த மூணையும் கைக்குள்ள போட்டுக்குவோம், வாங்க!

ப்ளஸ் டூ பிசிக்ஸ் கை கொடுக்கும்!

முதல்ல உங்க காரோட ஸ்டீரியோவைப் பாருங்க. பல மாடல்கள்ல முகத்துலயே '50 வாட்ஸ் X 4'னு எழுதியிருக்கும். அடேங்கப்பா, 200 வாட்ஸ்! அப்புறம் எதுக்கு ஆம்ப்?

கணக்கு போடுவோம். என்ஜின் ஓடும்போது கார்ல கிடைக்கிறது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரோட தடை பொதுவா 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டாலயே பெருக்கி, ஓமால வகுத்தா வாட்ஸ். 14.4 X 14.4 ÷ 4 = 51.84. ஆச்சா? '50 வாட்ஸ்' எங்கே இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிடுச்சா?

காருக்குள்ள இருக்கிற மொத்த வோல்ட்டும் ஒரு சொட்டு குறையாம ஸ்பீக்கருக்குப் போனாதான் அந்த 50. அப்படிப் போனா அலை வளைஞ்சு நெளிஞ்சு வராது. தலையும் காலும் வெட்டின கட்டம் கட்டமான அலையா வரும். அது பாட்டு இல்லை பாஸ், இரைச்சல். ஒழுங்கான அலையா வரணும்னா அதுல பாதி, அதாவது 26 வாட்ஸ்தான் உச்சம். உள்ளே இருக்கிற ஐ.சி. தன் பங்குக்கு எடுத்துக்கிட்டது போக, சுத்தமா கிடைக்கிறது ஒரு சேனலுக்கு 15-லிருந்து 20 வாட்ஸ். ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் வச்ச லேட்டஸ்ட் செட்டா இருந்தாலும், ஸ்பீக்கரை அது நேரடியா ஓட்டும்போது இதே கணக்குதான். ஸ்க்ரீன் பெருசாச்சுங்கிறதுக்காக வோல்ட் பெருசாகிடாதே!

இந்த 15-20தான் ஆர்.எம்.எஸ். தொடர்ந்து, சிதையாம தர முடியற பவர். 'மேக்ஸ்', 'பீக்'னு போட்டிருக்கிறதெல்லாம் கண் சிமிட்டுற நேரத்துக்கு வர்ற உச்சம். 'பி.எம்.பி.ஓ.'ன்னு ஒண்ணு ஞாபகம் இருக்கா? டேப் ரெக்கார்டர் காலத்துல உள்ளங்கை சைஸ் ஸ்பீக்கர்ல எல்லாம் ஆயிரக்கணக்குல போட்டிருப்பாங்களே... அதுக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. அந்த எழுத்தைப் பார்த்தா ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

சரி, ஆம்ப் மட்டும் எப்படி இதே 14.4 வோல்ட்ல அதிகமா தருது? அதுக்குள்ள ஒரு குட்டி பவர் சப்ளை இருக்கு. பேட்டரியில இருந்து வர்ற வோல்ட்டை அது உள்ளேயே உயர்த்திக்குது. அதனாலதான் தனி ஆம்ப் போட்டதும், அதே பாட்டு மூச்சு முட்டாம ஒலிக்குது.

ஃப்யூஸ் பொய் சொல்லாது!

கடையில நிக்கிறீங்க. கையில '1000 வாட்ஸ்' ஆம்ப். உண்மையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிம்பிள். ஆம்ப்போட பக்கவாட்டுல குத்தி வச்சிருக்கிற ஃப்யூஸைப் பாருங்க. அதுல ஒரு எண் இருக்கும். 20 ஆம்பியர்னு வச்சுக்குவோம்.

20 X 14.4 = 288 வாட்ஸ். இதுதான் அந்த ஆம்ப் பேட்டரியில இருந்து தொடர்ந்து இழுக்கக்கூடிய மொத்த பவர். இதுல ஒரு பகுதி சூடா வீணாகும். 'கிளாஸ் ஏ.பி.' வகைன்னா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் சத்தமா மாறும். அதாவது 150 வாட்ஸ் சுமார். 'கிளாஸ் டி' வகைன்னா 80 சதவிகிதம் வரை தேறும். அதாவது 230 வாட்ஸ் சுமார். உள்ளே போறதே 288. வெளியே 1000 எங்கே இருந்து வரும்? ஆகாயத்துல இருந்தா?

இதே டெஸ்ட்டை ஸ்டீரியோவுக்கும் பண்ணலாம். பல செட்களோட முதுகுல இருக்கிறது 10 ஆம்பியர் ஃப்யூஸ். 144 வாட்ஸ் உள்ளே போய் 200 வாட்ஸ் வெளியே வந்தா நோபல் பரிசுக்கு அப்ளை பண்ணிடலாம்!

இன்னொரு க்ளூ. பெட்டியில 'சி.இ.ஏ. 2006' இல்லை 'சி.டி.ஏ. 2006'ங்கிற முத்திரை இருந்தா சந்தோஷப்படுங்க. அமெரிக்காவுல 2003-ல வந்த அளவுகோல் இது. 14.4 வோல்ட்ல, 4 ஓம்ல, சிதைவு 1 சதவிகிதத்தைத் தாண்டாம எத்தனை வாட்ஸ் வருதுன்னு அளந்து சொல்லணும். முத்திரை இல்லாததெல்லாம் டுபாக்கூர்னு அர்த்தம் இல்லை. ஆனா, முத்திரை இருந்தா அந்த எண்ணை நம்பி இன்னொரு பிராண்டோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வாட்ஸ் டபுள்... சத்தம்?

இப்போ டெசிபல். இதுதான் நிறைய பேருக்கு ஷாக் கொடுக்கிற பாடம். 50 வாட்ஸை 100 ஆக்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகுமா? ஆகாது. 3 டெசிபல் மட்டும்தான் ஏறும். 'ம்... கொஞ்சம் ஏறியிருக்கு போல'ன்னு தோணும், அவ்வளவுதான். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமார் 10 டெசிபல் ஏறணும். அதுக்கு வாட்ஸ் பத்து மடங்கு வேணும்!

அப்போ சும்மா வாட்ஸைத் துரத்தறது வேஸ்ட். அதுக்குப் பதிலா ஸ்பீக்கர் பெட்டியில 'சென்சிட்டிவிட்டி'ன்னு போட்டிருக்கிற எண்ணைப் பாருங்க. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்னு அளந்தா எத்தனை டெசிபல் கேட்குதுங்கிறதுதான் அது. 87, 90, 92ன்னு இருக்கும்.

90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸ்ல தர்ற சத்தத்தை, 87 டெசிபல் ஸ்பீக்கர் தரணும்னா 40 வாட்ஸ் வேணும். 84-ன்னா 80 வாட்ஸ்! ஆக, ஆம்ப் வாங்கக் காசில்லாம ஸ்டீரியோவை வச்சே ஓட்டப்போறீங்கன்னா, 90-க்கு மேல சென்சிட்டிவிட்டி இருக்கிற ஸ்பீக்கர்தான் உங்க தோஸ்த். '300 வாட்ஸ்'னு பெட்டியில போட்டிருக்கேன்னு எடுத்துட்டு வந்தீங்கன்னா கதை கந்தல். ஸ்பீக்கர்ல எழுதியிருக்கிற வாட்ஸ் அது 'தாங்குற' பவர். அது 'தர்ற' பவர் இல்லை. ரேஷன் கடைப் பை 20 கிலோ தாங்கும்கிறதுக்காக அதுக்குள்ள 20 கிலோ அரிசி தானா வந்துடுமா?

முன்னாடி முதல்... பின்னாடி அப்புறம்

நம்ம பசங்க பண்ற வழக்கமான வேலை, காசு வந்ததும் டிக்கியில பெரிய சப் வைக்கிறது. இல்லைன்னா பின்னாடி பார்சல் ட்ரேயில 6 X 9 முட்டை ஸ்பீக்கர் ரெண்டு. யோசிச்சுப் பாருங்க. கச்சேரிக்குப் போனா மேடை எங்கே இருக்கு? முன்னாடி! பாடகர் உங்க முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து பாடுவாரா என்ன? அதனால முதல் செலவு முன் கதவு ஸ்பீக்கருக்கு.

ரெண்டு வகை இருக்கு. 'கோஆக்சியல்'ல வூஃபரும் ட்வீட்டரும் ஒரே உடம்புல இருக்கும். பழசைக் கழட்டி இதை மாட்டினா வேலை முடிஞ்சுது. 'காம்போனன்ட்'ல ட்வீட்டர் தனியா வரும், சத்தத்தைப் பிரிச்சுக் கொடுக்க ஒரு குட்டி க்ராஸோவர் பெட்டியும் வரும். ட்வீட்டரைக் கண்ணாடி மூலையில, காது மட்டத்துக்குப் பக்கத்துல வைக்கலாம். கதவுல உங்க முழங்கால்கிட்ட இருந்து வர்ற குரல், டாஷ்போர்டு மேல ஏறி நிக்கும். காசு இருந்தா காம்போனன்ட். இல்லைன்னா நல்ல கோஆக்சியல். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

சைஸ் விஷயம்... நிறைய கார்கள்ல முன் கதவுல 6.5 இன்ச் உட்காரும். சிலதுல அதைவிடச் சின்னது. விட்டம் மட்டும் பார்த்து வாங்காதீங்க. ஸ்பீக்கரோட ஆழத்தையும் கேளுங்க. முதுகுல இருக்கிற காந்தம், இறங்குற கண்ணாடியில இடிச்சுதுன்னா... அப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?

அடுத்தது, யாரும் சொல்லித் தராத ரகசியம். டேம்பிங்! கார் கதவுங்கிறது மெல்லிய தகரம். உள்ளே பார்த்தா ஓட்டை ஓட்டையா இருக்கும். ஸ்பீக்கர் முன்னாடி தள்ளுற காத்தும், பின்னாடி தள்ளுற காத்தும் அந்த ஓட்டை வழியா சந்திச்சு ஒண்ணை ஒண்ணு காலி பண்ணிடும். முதல்ல போறது பேஸ்தான். அந்த ஓட்டைகளை மூடி, தகரத்துல ப்யூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டினா கதவே ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாதிரி ஆயிடும். 'கடகட' சத்தம் போகும். அதே ஸ்பீக்கர்ல இருந்து 'அட, இதுல இவ்வளவு பேஸ் இருந்துச்சா?'ன்னு கேட்கிற அளவுக்கு வித்தியாசம் தெரியும். பளபளப்பு இல்லாத செலவு. வெளியே தெரியவும் செய்யாது. ஆனா, கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தர்றது இதுதான்.

ஆம்ப்: பொருத்தம் பார்த்து முடிங்க!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். ஆம்புக்கு ரெண்டே ரெண்டு.

முதல் பொருத்தம், ஆர்.எம்.எஸ்.! ஸ்பீக்கர் 60 ஆர்.எம்.எஸ்.னா, ஆம்ப் ஒரு சேனலுக்கு 50-லிருந்து 75 ஆர்.எம்.எஸ்.குள்ள இருந்தா அழகு. ஸ்பீக்கர் தாங்குறதைவிடக் கொஞ்சம் கூடுதலா இருந்தாலும், செட்டிங் ஒழுங்கா இருந்தா பயமில்லை. ரொம்பக் குறைஞ்ச ஆம்பை வச்சு வால்யூமை முறுக்கறதுதான் ட்வீட்டரைக் கொல்ற வேலை. முடியாத ஆம்ப் அலையோட தலையை வெட்டி அனுப்பும். இதுக்குப் பேர் 'கிளிப்பிங்'. வெட்டின அலையில அதிர்வெண் கூடின சரக்கு நிறைய இருக்கும். அதெல்லாம் நேரா ட்வீட்டர் தலையிலதான் போய் விழும். பாவம், அந்தத் தலைமுடி மாதிரி இருக்கிற காயில் சூடாகிப் பட்டுனு போயிடும்.

ரெண்டாவது பொருத்தம், ஓம்! ஆம்ப் ஸ்பெக்ல 'மினிமம் 2 ஓம்', 'ப்ரிட்ஜ் பண்ணினா மினிமம் 4 ஓம்'னு போட்டிருக்கும். அதுக்குக் கீழே போனா ஆம்ப் கொதிச்சு ஆஃப் ஆகும். இல்லைன்னா ஒரேடியா ஆஃப் ஆகும். 4 ஓம் சப் ரெண்டை இணையா (பேரலல்) கொடுத்தா 2 ஓம். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா (சீரிஸ்) கொடுத்தா 8 ஓம். இப்போ வர்ற சப் பலதுல ஒரே கூம்புல ரெண்டு காயில் இருக்கும். ரெண்டு காயிலும் 2 ஓம்னா சீரிஸ்ல 4, பேரலல்ல 1. வாங்கறதுக்கு முன்னாடியே 'அண்ணே, இதைச் சேர்த்தா கடைசியா எத்தனை ஓம் வரும்?'னு கேளுங்க. கடைக்காரர் தடுமாறினா கடையை மாத்துங்க!

எத்தனை சேனல்? மாணவர் பட்ஜெட்டுக்கு என் ஓட்டு 4 சேனல் ஆம்புக்கு. முதல்ல ரெண்டு சேனலை முன் கதவு ஸ்பீக்கருக்குக் கொடுங்க. மீதி ரெண்டு சும்மா இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சுக் காசு சேர்ந்ததும், அந்த ரெண்டையும் ப்ரிட்ஜ் பண்ணி ஒரு 4 ஓம் சப் வைங்க. ஒரே ஆம்ப், ஒரே வயரிங், ரெண்டு ரவுண்டு அப்கிரேடு!

கம்பெனி ஸ்டீரியோவைக் கழட்ட முடியாத கார்களும் இப்போ நிறைய. ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதுலதான் சிக்கியிருக்கும். கவலை வேண்டாம். 'ஹை லெவல் இன்புட்' இருக்கிற ஆம்பா பார்த்து எடுங்க. ஸ்பீக்கர் வயர்ல இருந்தே சிக்னலை வாங்கிக்கும். காரோட ஒரிஜினல் வயரை வெட்டாம, கப்ளர் போட்டு இணைக்கச் சொல்லுங்க. வாரன்ட்டி நேரத்துல சர்வீஸ் சென்டர்ல வாக்குவாதம் பண்ண வேண்டியது இருக்காது.

சப் பத்தி ரெண்டே வரி. சப்புக்குப் பாதி உயிர் அதோட பெட்டி. முழுசா மூடின 'சீல்டு' பெட்டி சின்னதா இருக்கும், பேஸ் இறுக்கமா வரும். மிருதங்கத்துக்கும் தபேலாவுக்கும் சூப்பர். துளை வச்ச 'போர்ட்டட்' பெட்டி பெருசு, அதே வாட்ஸ்ல சத்தமும் பெருசு. டிக்கியில லக்கேஜ் வைக்கணும்னா சீட்டுக்கு அடியில நுழையற, ஆம்ப் உள்ளேயே இருக்கிற சப் இருக்கு. நெஞ்சை உலுக்காது, பாட்டை நிறைக்கும்.

விளையாட்டு இல்லை... இது வயர்!

இதுவரைக்கும் காசு பத்திப் பேசினோம். இப்போ உயிர் பத்தி.

ஆம்புக்கு பேட்டரியில இருந்து தனியா ஒரு தடி வயர் வரணும். பானெட்டுல இருந்து கிளம்பி, தகரத்தைத் துளைச்சு, கார்ப்பெட்டுக்கு அடியில ஓடி டிக்கிக்கு வரும். வழியில எங்கேயாவது அந்த வயரோட தோல் உரிஞ்சு பாடியில பட்டா என்ன ஆகும்? ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்த நூறு ஆம்பியருக்கு மேல தர்ற பேட்டரி அது. அத்தனையும் அந்த வயர்ல பாயும். வயர் பழுக்கும். கார்ப்பெட் எரியும். நீங்க ஹைவேயில போயிட்டு இருப்பீங்க.

இதைத் தடுக்கிறது ஒரே ஒரு ஃப்யூஸ். பேட்டரி முனையில இருந்து ஒன்றரை அடிக்குள்ள அது இருக்கணும். "ஆம்ப்லயேதான் ஃப்யூஸ் இருக்கே தம்பி"ன்னு ஃபிட்டர் சொன்னா ஒத்துக்காதீங்க. அது ஆம்பைக் காப்பாத்துற ஃப்யூஸ். பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவுல ஓடுற 15 அடி வயரைக் காப்பாத்தறது பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் மட்டும்தான். வேலை முடிஞ்சதும் பானெட்டைத் திறந்து உங்க கண்ணால பாருங்க. ஃப்யூஸ் இல்லைன்னா வண்டியை எடுக்காதீங்க.

தகரத்துல வயர் நுழையற ஓட்டையில ரப்பர் கிராமெட் இருக்கணும். வயர் வாங்கும்போது 'சுத்த காப்பரா?'ன்னு கேளுங்க. அலுமினியத்து மேல காப்பர் பூசின வயர் மார்க்கெட்ல ஏராளம். ஒரு இழையைக் கத்தியால சுரண்டினா உள்ளே வெள்ளையா தெரியும். எடையும் லேசா இருக்கும். அது மோசடிச் சரக்கு இல்லை, ஆனா, அதே தடிமன்ல குறைஞ்ச கரன்ட்தான் தாங்கும். அதைப் போட்டா ஒரு சைஸ் தடிமனா போடணும். காப்பர் விலை கொடுத்து அதை வாங்கினாதான் ஏமாந்தோம்னு அர்த்தம்.

பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் இன்னொரு பக்கம் ஓடட்டும். எர்த் வயர் குட்டையா, பெயின்ட் சுரண்டின தகரத்துல இறுக்கமா இருக்கணும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பாட்டோட சேர்ந்து 'ஊய்ய்ங்'னு ஒரு விசில் ஏறி இறங்கினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த எர்த்தைத்தான்.

காரோட ஆல்டர்னேட்டருக்கும் ஒரு எல்லை இருக்கு. 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்னா மொத்தம் 860 வாட்ஸ் சுமார். ஹெட்லைட், ஏ.சி. ஃபேன், வைப்பர் எல்லாம் அதுலதான் பங்கு கேட்கும். சின்ன கார்ல '3000 வாட்ஸ்' கனவுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. என்ஜினை ஆஃப் பண்ணிட்டு கிரவுண்டுல டான்ஸ் போடற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை: 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில 10 ஆம்பியர் இழுத்தா மூணு மணி நேரத்துக்குள்ளேயே ஸ்டார்ட்டர் கை விரிச்சிடும். அப்புறம் தள்ளுங்க, பாட்டு பாடிக்கிட்டே!

கெயின் வால்யூம் இல்லை!

ஆம்ப்ல 'கெயின்'னு ஒரு திருகு இருக்கும். அதை ஃபுல்லா வச்சாதான் ஃபுல் பவர் வரும்னு நினைக்கறது பரவலான மூடநம்பிக்கை. ஸ்டீரியோ அனுப்புற சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தறதுக்குத்தான் அது. ஸ்டீரியோ வால்யூமை முக்கால்வாசிக்கு வைங்க. பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப். கெயினைக் கீழே இருந்து மெதுவா ஏத்துங்க. பாட்டு கரகரக்க ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்க. முடிஞ்சுது.

பக்கத்துல ஃபில்டர் இருக்கும். கதவு ஸ்பீக்கருக்கு 'ஹை பாஸ்' 80 ஹெர்ட்ஸ். சப்புக்கு 'லோ பாஸ்' 80 ஹெர்ட்ஸ். தொடக்கத்துக்கு இது போதும். சின்ன ஸ்பீக்கர் தலையில இருந்து கனமான பேஸ் வேலை இறங்கினதும் குரல் எப்படித் தெளியுதுன்னு பாருங்க.

நூறு ரூபாயை எப்படிப் பிரிக்கிறது?

சப் இல்லாத முதல் ரவுண்டுக்கு நம்ம கணக்கு இது. உங்க பட்ஜெட் எவ்வளவா இருந்தாலும் அதை 100-னு வச்சுக்கோங்க. முன் ஸ்பீக்கருக்கு 40. ஆம்புக்கு 30. டேம்பிங்குக்கும் ஸ்பீக்கர் உட்காரும் வளையத்துக்கும் 15. வயர், ஃப்யூஸ், கூலிக்கு 15. கடைசி பதினஞ்சுல யாரும் பேரம் பேசாதீங்க, ப்ளீஸ்.

கடையில கேட்க வேண்டியது அஞ்சே கேள்வி. ஆர்.எம்.எஸ். எவ்வளவு? சென்சிட்டிவிட்டி எவ்வளவு? மினிமம் எத்தனை ஓம்? வயர் சுத்த காப்பரா? பேட்டரி பக்கத்துல ஃப்யூஸ் உண்டா? அப்படியே, டெமோ போர்டுல கேட்கும்போது உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டைப் போடச் சொல்லுங்க. கடைக்காரர் போடற டெமோ பாட்டுல எல்லா ஸ்பீக்கரும் ஹீரோதான். ரெண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவு இருக்கணும். கொஞ்சம் சத்தமா இருக்கிறது நல்லா இருக்கிற மாதிரியே தோணும். விற்கறவங்களுக்கு இது தெரியும்!

இன்ஷூரன்ஸ் பாலிசியில தனியா போட்ட ஆடியோ தானா சேராது. பில்லை வச்சு, கூடுதல் ப்ரீமியம் கட்டிச் சேர்த்துக்கணும். அதனால பில் இல்லாம வாங்காதீங்க.

கடைசியா, காது!

அமெரிக்காவோட 'நியோஷ்' நிறுவனம் வேலை இடங்களுக்குச் சொல்ற கணக்கு இது. 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதி. 94-ல 1 மணி நேரம். 100-ல 15 நிமிஷம்! கண்ணாடி ஏத்தின கார்ல நல்ல ஆம்ப் வச்சா 100-ஐத் தொடறது ரொம்ப ஈஸி. காலேஜுக்குப் போற வழியிலேயே அன்னிக்கு கோட்டா காலி. உள் காதுல இருக்கிற மெல்லிய செல்கள் ஒரு தடவை செத்தா திரும்ப முளைக்காது. காரை விட்டு இறங்கினதும் காதுல 'கொய்ங்'னு கேட்டா, அது உங்க காது கொடுக்கிற வார்னிங்.

பின்னாடி வர்ற ஆம்புலன்ஸ் சைரன் கேட்கலைன்னா உங்க வால்யூம் அதிகம். இதுக்கு மீட்டரே தேவையில்லை. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல, ஆஸ்பத்திரி, கோர்ட், கல்வி நிறுவனங்களைச் சுத்தி குறைஞ்சது 100 மீட்டரை அமைதி மண்டலமா அறிவிக்க இடம் இருக்கு. கல்வி நிறுவனம்னா நம்ம காலேஜும்தான் மக்களே! கேட் வந்ததும் வால்யூமைக் குறைச்சிடுங்க.

சுத்தமான 50 வாட்ஸ், இறுக்கமான கதவு, ஒழுங்கா உட்கார்ந்த ட்வீட்டர். இவ்வளவு இருந்தா போதும். இத்தனை வருஷமா கேட்ட பாட்டுல, இதுவரைக்கும் கேட்காத ஒரு வயலின் பின்னாடி ஓடறது தெரியும் பாருங்க... அந்த சந்தோஷத்தை எந்தப் பெட்டியிலயும் வாட்ஸ்ல அச்சடிக்க முடியாது.

அடுத்த வாரம் பழைய பைக் வாங்கும்போது எதை எல்லாம் தட்டிப் பார்க்கணும்னு பார்ப்போம். அதுவரைக்கும்... ஃப்யூஸைப் பார்த்தீங்களா?